ஒரே நாளில் விதைத்த துவரை ஏன் ஒரே நாளில் விளைவதில்லை?

ஆடிப்பட்டத்தில் அடுத்தடுத்த பாத்திகளில் இரண்டு துவரை ரகங்களை விதைக்கிறோம். வம்பன் 3 ரகம் 100, 105 நாளில் முற்றி ஐப்பசியிலேயே அறுவடைக்கு வந்துவிடுகிறது. கோ 6 ரகத்துக்கு 170, 180 நாள் வேண்டும், தை பிறந்துவிடும். மண் ஒன்று, மழை ஒன்று. நடுவில் இந்த எழுபது நாள் எங்கிருந்து வந்தது? கல்யாண வீட்டுச் சமையற்கட்டுக்குள் போனால் விடை கிடைக்கும்.

மேளச் சத்தம்

சமையற்கட்டிலிருந்து மணமேடை தெரியாது. கெட்டிமேளம் கொட்டியதும் ஒரு பையன் ஓடிவந்து சொல்வான். அதுவரை காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் பரிமாறக் கிளம்புவார்கள். செடியில் மேடையைப் பார்த்து நிற்பது இலை. துவரைக்கு மேளச் சத்தம் நீண்ட இரவு. ஃபைட்டோகுரோம் என்ற நிறமியால் இலை ஒளியையும் இருளையும் உணர்கிறது. இரவு போதுமான அளவு நீண்டதும் ஒரு புரதத்தை உண்டாக்கி, சர்க்கரை பாயும் நாளங்கள் வழியே கொழுந்துக்கு அனுப்புகிறது. அதுதான் ஓடிவரும் பையன். இலையும் கிளையுமாக விட்டுக்கொண்டிருந்த செடி பூ வைக்கத் தொடங்குகிறது.

வாசலில் நிற்கும் பெரியப்பா

"இன்னும் முகூர்த்தம் ஆகலைடா, பொறு" என்று பையனைப் பிடித்து நிறுத்த ஒரு பெரியப்பா இருப்பார். சோயாவில் அவர் இ1 என்ற மரபணு. பகல் நீண்டிருக்கும் வரை பூச்செய்தி உண்டாகாமல் தடுப்பது அதன் வேலை. 2012-இல் அதை அடையாளம் கண்டார்கள். அது செயலிழந்த சோயா ரகங்கள், கோடைப் பகல் மிக நீளமான வடக்கு நாடுகளிலும் சீக்கிரம் பூத்து, உறைபனிக்கு முன் முற்றிவிடுகின்றன.

துவரையிலும் குறுகிய வயது ரகங்கள் பகல் நீளத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. நீண்ட வயது ரகங்கள் காத்திருக்கும். அவற்றையே புரட்டாசியில் விதைத்துப் பாருங்கள்: இரவு ஏற்கெனவே நீண்டுவிட்டதால், ஆளுயரம் வளராமல் குட்டையாக நின்றே பூத்துவிடும்.

எத்தனை பந்தி?

சில ரகங்களில் கொழுந்து வளர்ந்துகொண்டே போக, பக்கவாட்டில் பூ வைத்துக்கொண்டே இருக்கும். பந்தி பந்தியாகச் சாப்பாடு. கொழுந்தை வளரும் நிலையிலேயே வைத்திருக்கும் மரபணு மாறிய ரகங்களில் நுனியே பூங்கொத்தாகி வளர்ச்சி நின்றுவிடும், ஒரே பந்தி. காய்கள் ஏறக்குறைய ஒன்றாக முற்றுவதால் ஒரே வீச்சில் அறுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் காய்ப்புழு விழுந்தால் பெரும் இழப்பு. பந்தி பந்தியாகப் பூக்கும் செடியோ, முதல் பூ போனாலும் ஈரமிருந்தால் மறுபடி பூக்கும்.

ஆகவே குறுகிய வயது உசத்தியும் இல்லை, நீண்ட வயது மட்டமும் இல்லை. மானாவாரி நிலத்தில் மழை ஓய்ந்தபின் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பதே கணக்கு. செம்மண் சீக்கிரம் காயும். ஆழமான கரிசல் தை வரைக்கும் தாங்கும். விதை வாங்கும்போது "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" என்பதற்கு முன்னால் "எத்தனை நாள் வயசு?" என்று கேளுங்கள். நிலத்து ஈரம் அதற்குமுன் தீர்ந்துவிட்டால், பூத்த பூவெல்லாம் காயாகாமலே உதிரும்.