'பழுது' என்று எழுதி ஒட்டுவதற்கு முன்...

காலையில் எமிஸ் செயலியில் வருகையைப் பதிவது முதல், திறன்மிகு வகுப்பறையில் பாடக் காணொலி காட்டுவது, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மதிப்பீடு நடத்துவது வரை, நம் அன்றாடப் பணிகள் பலவும் இணையத்தை நம்பியே நடக்கின்றன. அந்த இணையத்தைக் கம்பி இல்லாமல் வகுப்பறைகளுக்குக் கொண்டு சேர்ப்பது, சுவரில் மாட்டியிருக்கும் சிறிய வைஃபை பெட்டி. தொழில்நுட்ப மொழியில் அதற்கு ஆக்சஸ் பாயின்ட் என்று பெயர். சிறிய பள்ளிகளில் ரூட்டரே இந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடும்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களுடன் பேசும்போது, "அப்டேட் போட்டோம் சார், அதோடு பெட்டி போய்விட்டது" என்பதை அவ்வப்போது கேட்கிறேன். 'பழுது' என்று எழுதி ஒட்டிய அந்தப் பெட்டி பீரோவுக்குள் போய்விடும். புதியது வாங்கப் பணம் ஒதுக்கும்வரை ஆசிரியர்கள் தங்கள் கைப்பேசி டேட்டாவைச் செலவழிப்பார்கள். இப்படி முடங்கிய பெட்டிகளில் பலவற்றை நாமே மீட்டுவிடலாம். அதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆக்சஸ் பாயின்ட் என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறிய கணினி. அதை இயக்கும் மென்பொருளை ஃபர்ம்வேர் என்கிறோம், தமிழில் நிலைபொருள். மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அது எழுதப்பட்டிருக்கும்.

நம் வகுப்பறைக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை அழித்துவிட்டு வேறு பாடம் எழுதலாம். ஆனால் மூலையில் 'பதிவு', 'வருகை' என்று பெயின்டால் எழுதிய கட்டம் டஸ்டருக்கு அழியாது. ஃபிளாஷ் நினைவகத்திலும் அப்படி ஒரு பகுதி உண்டு. அங்கே பூட்லோடர் என்ற சிறு நிரல் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். நிலைபொருளைத் தேடிப் பிடித்து ஓட வைப்பதும் அதுவே. வழக்கமான மேம்படுத்தலில் பெரும்பாலும் நிலைபொருள்தான் அழித்து எழுதப்படுகிறது, பூட்லோடரைத் தொடுவதில்லை. ஆகவே பாதியில் தடைபட்டாலும் பூட்லோடர் உயிருடன் இருக்க வாய்ப்பு அதிகம். மீட்பு வழிகள் எல்லாம் இதை நம்பியே அமைந்துள்ளன.

ஏன் மேம்படுத்த வேண்டும்?

"நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத மோடம்களில் ஒரு நச்சுநிரல் புகுந்ததே காரணம். அடுத்த ஆண்டு மே மாதத்தில், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரூட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் வி.பி.என்.ஃபில்டர் என்ற நச்சுநிரல் பரவியிருப்பதை சிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பழைய நிலைபொருளில் உள்ள ஓட்டைகளும் இத்தகைய நிரல்களுக்கு வாசல். மாணவர்களின் விவரங்கள் பயணிக்கும் பாதை இது என்பதால், ஓட்டையை அடைப்பது நம் பொறுப்பு.

தொடங்கும் முன்

முதலில் பெட்டி யாருடையது என்று பாருங்கள். அரசுத் திட்டத்தில் வழங்கப்பட்டு, உத்தரவாதத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ இருக்கும் கருவி என்றால் நாம் கை வைக்கக் கூடாது; தலைமையாசிரியர் வழியாக உரிய தொழில்நுட்பப் பணியாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவோ முன்னாள் மாணவர்களோ வாங்கித் தந்த கருவி என்றால், தலைமையாசிரியரின் ஒப்புதலுடன் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. பெட்டியின் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டில் மாடல் எண்ணோடு வன்பொருள் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் ஒன்றாக இருந்தாலும் 2ஆம் பதிப்புக்கான கோப்பு 3ஆம் பதிப்புக்குப் பொருந்தாமல் போகலாம்.

2. தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தே கோப்பைப் பதிவிறக்குங்கள். செக்சம் என்ற சரிபார்ப்பு எண் கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். ஆதாரின் 12ஆவது இலக்கம் முந்தைய 11 இலக்கங்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஓர் இலக்கம் தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். செக்சமும் அப்படித்தான். கோப்பு சுருக்கப்பட்ட வடிவில் வந்தால் விரித்த பிறகே ஏற்ற வேண்டும்.

3. தற்போதைய அமைப்புகளைக் கணினியில் சேமியுங்கள். இணையச் சேவை நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனியாக எழுதி வையுங்கள்.

4. கணினியையும் பெட்டியையும் லேன் கேபிளால் இணையுங்கள். மேம்படுத்தலின்போது வைஃபை துண்டிக்கப்படும் என்பதால் வைஃபை வழியாகச் செய்யக் கூடாது.

5. பெட்டி, கணினி இரண்டையும் யு.பி.எஸ்.ஸில் செருகுங்கள். நம் பகுதியில் பராமரிப்புப் பணிக்கான மின்தடையை முன்னதாகவே செய்தித்தாளில் அறிவிக்கிறார்கள். அந்த நாளையும் இடி மழை நாளையும் தவிருங்கள்.

பிறகு பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் கோப்பைக் கொடுத்துவிட்டு, 10 நிமிடம் எதையும் தொடாதீர்கள். திரை உறைந்தது போல் தெரியும், விளக்குகள் அணைந்து எரியும். "வேலை செய்யவில்லை போலிருக்கிறதே" என்று அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்தால்தான் ஆபத்து.

முடங்கிவிட்டால்

எளிய வழியிலிருந்து தொடங்கி, படிப்படியாக முயலுங்கள்.

முதற்படி: மின்இணைப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் கழித்துச் செருகிக் காத்திருங்கள். நிலைபொருளின் இரண்டு பிரதிகளை வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்றில் தானாக எழுந்துவிடும்.

இரண்டாம் படி: பெட்டி இயங்கும்போதே ரீசெட் துளையில் குண்டூசியைவிடச் சற்றுத் தடித்த கம்பியால் சுமார் 10 விநாடி அழுத்துங்கள். இது அமைப்புகளை மட்டும் அழிக்கும். கெட்டுப்போன நிலைபொருளைச் சரிசெய்யாது.

மூன்றாம் படி: இதுதான் உண்மையான மீட்பு. பெட்டியை அணைத்து, ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுங்கள். விளக்கு மின்னும் விதம் மாறியதும் விடுங்கள். இப்போது பூட்லோடர் மட்டும் விழித்து, நல்ல கோப்புக்காகக் காத்திருக்கும். இந்நிலையில் பெட்டி கணினிக்கு ஐ.பி. முகவரி வழங்காது, நாமேதான் கணினிக்கு நிலையான முகவரி கொடுக்க வேண்டும். பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால் கணினிக்கு 192.168.1.2 என்று கொடுக்கலாம். சில மாடல்களில் உலாவியிலேயே ஒரு மீட்புப் பக்கம் திறக்கும். சிலவற்றில் டி.எஃப்.டி.பி. என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் அனுப்ப வேண்டும். டி.பி.-லிங்க் மாடல்கள் பலவற்றில் பெட்டியே 192.168.0.66 என்ற முகவரியில் உள்ள கணினியைத் தேடிவந்து கோப்பை எடுத்துக்கொள்ளும். சரியான முகவரியையும் கோப்பின் பெயரையும் அந்தந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கணினியின் ஃபயர்வால் தடுத்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, வேலை முடிந்ததும் மறக்காமல் இயக்குங்கள்.

ஆவடி அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில், மேம்படுத்தலின் நடுவே மின்சாரம் போய், ஒரே ஒரு விளக்கோடு நின்றுவிட்ட பெட்டி பல மாதங்கள் பீரோவில் இருந்தது. மூன்றாம் படியில் அது அரை மணி நேரத்தில் எழுந்தது. ஸ்மார்ட் போர்டில் பாடம் ஓடியபோது, புதிய பெட்டிக்காகப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேட்க இருந்த தொகையை நூலகத்துக்குக் கேட்கலாம் என்றார் அங்குள்ள ஆசிரியை.

மூன்று படிகளும் பலிக்கவில்லை என்றால் பூட்லோடரோ மின்சுற்றோ கெட்டிருக்கலாம். பெட்டியைத் திறந்து சீரியல் இணைப்பு கொடுத்துப் பார்க்கும் வேலை அது. உத்தரவாதம் இருந்தால் சேவை மையத்துக்கும், முடிந்திருந்தால் ரிச்சி தெரு போன்ற இடங்களில் உள்ள அனுபவமுள்ள பழுதுநீக்குநரிடமும் கொடுக்கலாம். அடாப்டரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பெட்டியில் குறித்த வோல்ட் அளவும் முனையும் பொருந்த வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது.

எழுந்த பிறகு

நிலைபொருளின் பதிப்பு மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மாடல், பதிப்பு எண், மேம்படுத்திய நாள், மீட்பு முகவரி ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் அந்தக் கருவிக்கு நேரே எழுதி வையுங்கள். நாம் மாறுதலில் போனாலும், அடுத்து வரும் ஆசிரியருக்கு அந்த நான்கு வரிகள் கைகொடுக்கும்.