மீன்தொட்டியும் மருந்தும்

பெங்களூரின் தென்புறத்தில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டி, கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தால் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழில் நகரம் ஆகும். வேலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. அவ்வீடுகளில் ஆடு மாடு வளர்க்க இடமில்லை. ஆனால், கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டிக்கு இடமுண்டு.

அத்தொட்டியில் நீந்தும் தங்கமீனும் சில வேளைகளில் நோயுறும். இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கும். வாலின் ஓரம் வெளுத்துக் கிழியும். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் தூவலாமா? கூடாது.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. தொட்டியின் கூழாங்கற்களிலும் வடிகட்டியிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆன்டிபயாடிக் மருந்துக்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு தெரியாது. நல்ல பாக்டீரியாக்களும் அழிந்தால் அம்மோனியா பெருகும்; பிழைக்க வேண்டிய மீன் தன் கழிவாலேயே மடியும். எனவே, நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, காற்றுக்குழாய் வைத்து மருத்துவம் செய்வர். அத்தொட்டியில் கரி வடிகட்டி இருத்தல் ஆகாது. கரி மருந்தை ஈர்த்துக்கொள்ளும்.

உடலில் உப்புத்தூள் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றினால், அது பெரும்பாலும் ஒட்டுண்ணியால் வரும் நோய். அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. வால் அழுகலோ பாக்டீரியாவால் வருவது. எனினும், தொடக்கநிலையில் நீரைத் தூய்மையாக வைத்தாலே பலமுறை ஆறிவிடும். ஆகவே, மருந்துக்கு முன் நீரைச் சோதித்தல் வேண்டும். நாளும் கால் பங்கு நீரை மாற்றலாம். குழாய் நீராயின் குளோரினை நீக்கிய பின்னரே ஊற்ற வேண்டும்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் பல குடியிருப்புகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரே வருகிறது. அது பெரும்பாலும் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளோடு பிணைந்து அவற்றின் ஆற்றலைக் குறைத்துவிடும். நீரில் கலப்பதா, இரையில் கலப்பதா, எவ்வளவு, எத்தனை நாள் என்பவற்றைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருந்து அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டின் பொருளும் இதுவே: மருத்துவரின் சீட்டு இன்றி உட்கொள்ளலாகாது.

குறைந்த அளவில் மருந்து கொடுத்தாலோ இடையில் நிறுத்தினாலோ, எஞ்சிய பாக்டீரியாக்கள் அம்மருந்தை வெல்லும் திறன் பெறக்கூடும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே இதனை எச்சரித்தார். மீனுக்குத் தரும் மருந்துகளுள் சில மனிதருக்கும் தரப்படுபவை. அவை மீன்தொட்டியில் வலுவிழந்தால், காய்ச்சலில் கிடக்கும் பாட்டிக்கும் பயன்படாமற் போகலாம்.

கையில் காயம் உள்ளவர் தொட்டி நீரைத் தொடலாகாது. மீன்களைத் தாக்கும் ஒருவகை பாக்டீரியா மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும். மருத்துவம் முடிந்தபின் மருந்து நீரை ஏரியிலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டாமல், கரி வடிகட்டியில் ஓடவிட்டுக் கழிவறையில் ஊற்றுவர்.