ஃபோர்டு ஏன் ஆலையை மூடினார்?

1927, மே 26. அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து ஒன்றரைக் கோடியாவது ‘மாடல் டி’ கார் வெளியே வந்தது. ஹென்றி ஃபோர்டும் மகன் எட்செலும் அதில் அமர்ந்திருந்தார்கள். கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால், அந்த கார் தயாரிப்பையே நிறுத்த முடிவெடுத்திருந்தார் ஃபோர்டு!

1908-ல் மாடல் டி அறிமுகமானபோது விலை சுமார் 850 டாலர். கார் வாங்க சாமானியருக்கும் ஆசை, விலைதான் தடை. அந்தத் தடையை உடைப்பதற்காகவே தன் ஆலையைச் செதுக்கினார் ஃபோர்டு. 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. தொழிலாளி நின்ற இடத்துக்கே கார் நகர்ந்து வந்தது. சேஸிஸைப் பூட்ட முன்பு 12 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அடுத்த ஆண்டே அது 93 நிமிடங்களாகக் குறைந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி மெஷின். அதற்கு வேறு வேலை தெரியாது. 1914 முதல் 1925 வரை ஒரே நிறம், கறுப்பு. பலன்? 1920-களின் நடுவில் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

ஆனால், மக்கள் மாறினார்கள். முதல் கார் வாங்கியவர்கள் அடுத்ததாக வசதி, அழகு, வண்ணம் கேட்டார்கள். மலிவு விலை கார்தான் வேண்டும் என்றவர்களுக்கு செகண்ட் ஹேண்ட் கார்கள் கிடைத்தன. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் இதைப் புரிந்துகொண்டார். ஒவ்வொருவரின் பர்ஸுக்கும் ஏற்ற கார், தவணை வசதி, அடிக்கடி புது மாடல் என்று களமிறங்கினார்.

ஃபோர்டாலும் புது மாடல் வரைய முடியும். ஆலைதான் வளைந்து கொடுக்கவில்லை! மாடல் டி-க்காகவே செய்த மெஷின்களை மாற்றி அமைக்க சுமார் ஆறு மாதங்கள் ஆலை முடங்கியது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையின்றித் தவித்தார்கள். டிசம்பரில்தான் ‘மாடல் ஏ’ வந்தது. அது நன்றாகவே விற்றது. ஆனால், அதற்குள் முதலிடம் செவர்லேவுக்குப் போய்விட்டது.

செவர்லேவை நடத்திய வில்லியம் நுட்சன், ஃபோர்டிடம் வேலை கற்றவர்! அவர் பல வேலைகளுக்கும் பயன்படும் மெஷின்களையே வாங்கினார். 1929 மாடலுக்காக நான்கு சிலிண்டரிலிருந்து ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு மாற அவருக்கு மூன்று வாரங்களே போதுமானதாக இருந்தன.

ஃபோர்டின் ஆலை மோசமானதல்ல. மலிவு விலை ஒன்றே மக்களின் தேவையாக இருந்தவரை அதற்கு நிகரில்லை. தேவை மாறியபோது அந்தப் பலமே பாரமானது.

பெரிய ஆலையோ, சின்னப் பட்டறையோ... புது மெஷின் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். வாடிக்கையாளர் நம்மிடம் வருவது விலைக்காகவா, வேகத்துக்காகவா, விதவிதமான பொருளுக்காகவா? அந்தப் பதில் நாளை மாறினால், இந்த மெஷினும் கூடவே மாறுமா?