பச்சை மயிலும் நமது பொறுப்பும்

மயில் என்றதும் நம் வயல்களில் மேயும் நீல மயிலே நினைவுக்கு வரும். அதற்கு அழிவு அபாயம் இல்லை. ஆனால் அதே குலத்தைச் சேர்ந்த பச்சை மயிலின் நிலை வேறு. கழுத்தும் பச்சை, கொண்டை விசிறிபோல் விரியாது நிமிர்ந்து நிற்கும். மியன்மார், தாய்லாந்து, இந்தோசீன நாடுகள், சீனாவின் யுனான் மாகாணம், யாவாத் தீவு ஆகிய இடங்களில் சிதறுண்டு வாழ்கின்றது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2009 முதல் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகுத்துள்ளது.

காரணங்கள் பல. ஆற்றோரக் காடுகள் அழிகின்றன. தோகைக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடுகின்றனர். முட்டைகளையும் எடுத்துச் செல்கின்றனர். விதைகளில் பூசப்படும் பூச்சிகொல்லியும் பறவையைக் கொல்கிறது.

யுனானின் செவ்வாற்றுப் படுகையில் நீர்மின் அணையொன்று கட்டப்பட்டபோது, மயிலின் வாழிடம் மூழ்கும் என்று சூழல் அமைப்பொன்று 2017இல் வழக்குத் தொடுத்தது. கட்டுமானத்தை நிறுத்துமாறும் நீரைத் தேக்கக் கூடாதெனவும் 2020இல் குன்மிங் நீதிமன்றம் கட்டளையிட்டது. சேதம் நேரும் முன்னரே தடுத்தமையே இத்தீர்ப்பின் சிறப்பு.

மின்சாரமும் விளைச்சலும் மக்களுக்குத் தேவையே. எனினும் வேலை தொடங்குமுன் எது அழியும் என்று கேட்பதும் அபிவிருத்தியின் ஒரு பகுதியாகும். விவசாயியின் நட்டத்தைக் கவனியாது வெறும் தடை விதித்தால் பறவையும் பிழைக்காது. படைப்பைப் பேணும் பொறுப்பை இறைவன் நம்மிடமே ஒப்படைத்துள்ளார்.