வெற்றியாளர் இல்லாத ஓட்டம்

அறப்பணிக்குக் காசு கொடுத்தால் போதாதா, ஓடவும் வேண்டுமா? தா.பழூர் வட்டாரக் கிராமமொன்றில் நிதி ஓட்டம் பற்றிப் பேசினால் நம்முள் எழும் முதற்கேள்வி இதுவே.

புற்றுநோயால் வலக்காலை இழந்த கனடா இளைஞர் டெரி ஃபாக்ஸ், அந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12-இல் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர்! நோய் நுரையீரலுக்குப் பரவவே ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28-இல், தமது 22-ஆம் வயதில், மறைந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரிலிருந்து அவர் பெயரால் மக்கள் ஓடுகின்றனர்; சென்னையிலும் ஓடியுள்ளனர். அதில் போட்டியில்லை, பரிசுமில்லை, நடந்தும் வரலாம்.

காசு மருந்தாகும், உடன் நடப்பதோ, "நீ தனியாக இல்லை" என்று நோயாளிக்குச் சொல்லும். கொள்ளிடக்கரைச் சாலையில் பேரன் கைபற்றிக் கடைசியாக வரும் பாட்டியும் அதனைச் சொல்ல இயலும். நாமும் நடப்போமா?