கைக்குள் அடங்குமா கதிரவன்?

நோன்பு காலத்தில் கல்முனைக்குடிப் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சும் காட்சியை நம் பிள்ளைகள் நன்கறிவர். கிடாரத்துக் கஞ்சி நெடுநேரம் ஆவி பறக்க இருக்கும். வீட்டிற்குக் கொண்டுவந்த கோப்பைக் கஞ்சியோ மஃரிபு பாங்கிற்கு முன்பே ஆறிவிடும். கொள்ளும் அளவை நோக்கச் சிறு பாத்திரத்திற்கு மேற்பரப்பு அதிகம். சூடு அவ்வழியே ஓடிவிடுகிறது. இவ்வெளிய உண்மையே எழுபது ஆண்டுகளாக அணு விஞ்ஞானிகளை வாட்டி வருகிறது.

ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து ஈலியமாகும்போது பிறக்கும் சக்தியே கதிரவனின் ஒளி. அதனைப் பூமியில் உண்டாக்கும் எரிபொருளுள் ஒன்றான டியூட்டீரியம் நம் கடலிலேயே உண்டு. ஒரு லீற்றர் கடல் நீரில் உள்ளது ஏறத்தாழ 33 மில்லிகிராமே. அது முழுதும் இணையுமாயின் சுமார் 300 லீற்றர் பெற்றோலின் சக்தி கிடைக்கும்!

இருபது ஆண்டுகளுள் இதற்கு வழி பிறக்கும் என 1955 இல் ஜெனீவா மாநாட்டில் இந்திய விஞ்ஞானி ஹோமி பாபா கூறினார். லொறியில் ஏற்றத்தக்க சிற்றுலை பத்தாண்டுகளில் வரும் என 2014 இல் அமெரிக்காவின் லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் அறிவித்தது. இரு தவணைகளும் கடந்தன, உலை வரவில்லை. ஏன்?

உலையினுள் வேண்டிய வெப்பம் சுமார் 15 கோடி பாகை செல்சியஸ். கதிரவனின் நடுவிலுள்ளதைப் போல் பத்து மடங்கு. எந்தப் பாத்திரமும் தாங்காத அதனைக் காந்தப்புலத்தால் கட்டி நிறுத்துகின்றனர். உலை சிறுத்தால், கோப்பைக் கஞ்சியைப் போல், வெப்பம் விரைந்து தப்பிவிடுகிறது. மேலும், பாய்ந்து வரும் நியூத்திரன்களைத் தடுக்க ஏறக்குறைய ஒரு மீற்றர் கனமுள்ள போர்வை வேண்டும். உடல் சிறுத்தாலும் இச்சட்டை சிறுப்பதில்லை. அதற்கு அப்பால் உள்ள மீகடத்திக் காந்தங்களையோ கடுங்குளிரில் வைத்தல் வேண்டும். நெருப்பும் பனியும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருப்பது போன்றதன்றோ இது!

இந்தியாவின் காந்திநகருக்கு அருகே 1989 இல் இயங்கத் தொடங்கிய ‘ஆதித்யா’வின் வளைய ஆரை 75 சென்ரிமீற்றரே. அது ஆய்வுக் கருவி, மின்சாரம் தருவதன்று. பிரான்சில் இந்தியா உட்படப் பல நாடுகள் கூடி அமைக்கும் ‘ஈற்றர்’ உலையின் ஆரையோ 6.2 மீற்றர். இங்கிலாந்தின் ‘ஜெற்’ 2023 இல் ஐந்து விநாடிகளில் 69 மெகாயூல் சக்தியை ஈன்றது. நம் வீட்டு மின்பட்டியலில் அது 19 அலகுகள். அதைப் பெறச் செலவானதோ அதனினும் அதிகம்.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. காந்தப்புலம் இரட்டித்தால் அதே பருமனில் 16 மடங்கு சக்தி பெறலாம் என்பது கணக்கு. புதிய மீகடத்திகளைக் கொண்டு 1.85 மீற்றர் ஆரையில் ஓர் உலை அமெரிக்காவில் அமைக்கப்பட்டு வருகிறது.

மாணவர்களே! ‘சின்னஞ்சிறு சூரியன்’ பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ஒன்றைக் கேளுங்கள்: இட்டது எவ்வளவு, பெற்றது எவ்வளவு? அக்கணக்கு இலாபத்தில் முடியும் நாளில், நம் கரையில் மோதும் அலையும் விறகாகும்.