பாலுந்தலை அறிந்து மதிப்பிடுதல்

பாலுந்தல் என்னும் பொருள் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு போதகரின் அறைக்குள் வருவதில்லை. "வீட்டில் சமாதானம் இல்லை, ஐயா" என்று வரும். "நரம்புத் தளர்ச்சியாக இருக்கிறது" என்று வரும். "ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் அலைகிறது" என்று இறையியல் மாணவன் ஒருவனின் வாயிலாக வரும். "அவர் முன்போல் இல்லை, வேறெங்கோ மனம் வைத்துவிட்டாரோ என்று பயமாயிருக்கிறது" என ஆலய முற்றத்தில் ஒரு சகோதரி தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்போம். சொல்லப்பட்டது எது, சொல்லாமல் விடப்பட்டது எது என்று பிரித்தறியாத போதகர், சமாதானக் குறைவுக்கு ஒரு ஜெபமும் மன அலைச்சலுக்கு ஓர் உபவாசமும் கட்டளையிட்டு அனுப்பிவிடுகிறார். வந்தவர் வந்த சுமையோடே திரும்புகிறார்.

பாலொழுக்கத்தின் விதிகளை நம் வாசகர் நன்கு அறிவர். அவற்றை இங்கு மீண்டும் அடுக்குவது நம் நோக்கம் அன்று. மனிதன் தனக்குள் எழும் பாலுந்தலை எவ்வாறு அறிந்துகொள்வது, அதன் ஏற்றத் தாழ்வுகளையும் அன்றாட வாழ்வில் அவற்றால் நேரும் விளைவுகளையும் எவ்வாறு மதிப்பிடுவது என்பதையே ஆராய விரும்புகிறோம். உந்தல் கூடியிருப்பதோ குறைந்திருப்பதோ, தானாகவே ஒருவருடைய பரிசுத்தத்தைப் பற்றியோ அன்பைப் பற்றியோ எதையும் நிலைநாட்டிவிடுவதில்லை என்பது நம் கருத்து. ஆனால் கூடினால் பாவம் என்றும், குறைந்தால் அன்பு ஆறிவிட்டது என்றும் அவசரமாகத் தீர்ப்பளிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. முதல் தீர்ப்பு இளைஞரை வாட்டுகிறது. இரண்டாவது இல்லறத்தாரை வாட்டுகிறது.

முதல் தீர்ப்புக்கு ஆதாரமாக மத்தேயு 5:28 காட்டப்படுவதுண்டு. அவ்வசனத்தில் ஆளப்படும் கிரேக்க வினைச்சொல் 'எபித்துமேயோ' என்பதாகும். யாத்திராகமம் 20:17இல் உள்ள பத்தாம் கட்டளையை எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இதே வினையால் தருகிறது. பிறனுடைய மனைவியையும் வீட்டையும் தனதாக்கிக்கொள்ள எண்ணுவதே அங்கே விலக்கப்பட்டது. லூக்கா 22:15இல், தம் சீடரோடு பஸ்காவைப் புசிக்க ஆண்டவர் கொண்ட ஏக்கத்தைச் சொல்லவும் இதே வினைதான் வருகிறது. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் 'இச்சை' என்றும் மற்றோரிடத்தில் 'ஆசை' என்றும் பெயர்த்திருப்பதால், தமிழில் மட்டும் வாசிப்போருக்கு இவ்வுறவு புலப்படுவதில்லை. மேலும், மத்தேயுவின் சொற்றொடர் 'இச்சிக்கும்பொருட்டுப் பார்த்தல்' என்று நோக்கத்தைச் சுட்டும் அமைப்புடையது என்பர் விளக்கவுரையாளர் பலர். அவ்வாறு கொண்டால், உணர்வு எழுந்ததை ஆண்டவர் கண்டிக்கவில்லை. எழுந்த உணர்வைக் கொண்டு ஒருத்தியை உடைமைப் பொருளாக்கிக்கொள்ளும் பார்வையைக் கண்டிக்கிறார். கல்லூரித் தேர்வில் இதை எழுதி மதிப்பெண் பெறும் மாணவர், சபைக்குச் சென்றபின் வாலிபர் கூட்டத்தில் இதை மறந்துவிடுவது ஏனோ!

இரண்டாவது தீர்ப்பு எவ்வளவு பொல்லாதது என்பதை நெய்வேலி போன்ற நகரியத்தில் பணிபுரிவோர் நன்கு காண்பர். 1956இல் நிறுவனம் அமைந்து, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1962இல் அனல் மின் உற்பத்தி ஆரம்பமான காலந்தொட்டு, அங்கே இரவு என்பது எல்லார்க்கும் ஓய்வின் வேளையாக இருந்ததில்லை. மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரங்களும் கன்வேயர் பட்டைகளும் கொதிகலன்களும் இரவும் பகலும் ஓடவேண்டும். ஆகவே ஆட்களும் ஷிப்டு மாறி ஷிப்டாக ஓடவேண்டும். இரவு ஷிப்டு முடித்துக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் கணவன், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பரபரப்பில் இருக்கும் மனைவியைக் காண்கிறான். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உறங்க முயல்கிறான். காய்கறிக்காரரின் குரலும் அண்டை வீட்டுத் தொலைக்காட்சியும் விடுவதில்லை. மாலையில் தலைபாரத்தோடு எழுகிறான். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளருக்கோ போகவர ஆகும் நேரமும் இதனோடு சேர்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் விழித்தும் களைப்பின்றியும் தனித்தும் இருக்கும் வேளை வாரத்தில் சில மணி நேரம் வாய்த்தால் அதுவே பெரிது.

உறக்கத்துக்கும் பாலுந்தலுக்கும் உள்ள தொடர்பு வெறும் களைப்பினால் மட்டும் வருவதன்று. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு உறக்கத்தின்போது உயர்ந்து காலையில் உச்சம் அடைகிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நல்ல உடல்நலமுள்ள இளைஞர் பத்துப்பேர் ஒரு வாரம் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமே உறங்கியபோது, அவர்களுடைய பகல்நேரச் சுரப்பு 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. பத்துப்பேரைக் கொண்ட ஆய்வின்மேல் பெரிய கோட்பாடு எதையும் கட்டலாகாதுதான். ஆயினும் ஆண்டுக்கணக்கில் உறக்கம் குலைந்த ஒருவரிடம் விருப்பம் குன்றியிருப்பதைக் கண்டால், அவருடைய ஒழுக்கத்தை ஐயுறுமுன் அவருடைய ஷிப்டுப் பட்டியலைக் கேட்டறிவது நியாயமாகும். நெய்வேலியில் நாம் கேட்ட குடும்ப வழக்குகளில், துரோகம் என்று அழுதுகொண்டு வந்தவை சில, உறக்கமின்மை என்ற அளவிலேயே முடிந்தன.

நெய்வேலியார் இப்பொருளைப் பேசத் தொடங்கினால் ஓர் உவமை தானாகவே நாவில் வரும். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் அடைபட்டிருக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றாவிட்டால், சுரங்கத்தின் தளத்தையே பெயர்த்துக்கொண்டு மேலெழும். பாலுந்தலும் அவ்வாறே, வடிகால் இல்லாவிட்டால் வெடிக்கும் என்பார்கள். பிராய்டும் ஏறக்குறைய இத்தகைய உருவகத்தில்தான் சிந்தித்தார். இவ்வுவமை ஆண்களுக்கு மிக வசதியானது. அதனாலேயே இதை ஐயத்தோடு நோக்கவேண்டும். உணவின்றி மனிதன் சாவான். பாலுறவின்றி எவரும் செத்ததில்லை. அடக்கவொண்ணாத அழுத்தம் என்னும் பேச்சு எத்தனையோ பலவந்தங்களுக்குச் சாக்காக நின்றிருக்கிறது.

இதனினும் பொருத்தமான விளக்கத்தை ஜான் பான்கிராப்ட், எரிக் ஜான்சன் என்னும் இருவர் கின்சி நிறுவனத்திலிருந்து 2000ஆம் ஆண்டளவில் முன்வைத்தனர். வாகனத்தில் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் தனித்தனியே இருப்பதுபோல, மனிதரிடம் தூண்டும் அமைப்பு ஒன்றும் தடுக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. இரண்டின் வலிமையும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றனர். இதை ஏற்றால் கேள்வியே மாறிவிடுகிறது. விருப்பம் குன்றியவரிடம் தூண்டல் இல்லை என்று எண்ணுகிறோம். உண்மையில் பிரேக்கின்மேல் கால் இருக்கலாம். கூட்டுறவுச் சங்கத்துக் கடன், மெல்லிய சுவருக்கு அப்பால் உறங்காமலிருக்கும் மாமியார், முந்திய முறை உண்டான வலி, காலையில் வாங்கிய வசைச்சொல் ஆகிய இவையெல்லாம் பிரேக்குகளே. மாறாக, குடி பிரேக்கைத் தளர்த்துகிறது, ஆற்றலையோ குறைக்கிறது. சுரங்கத்து உவமையில் நமக்குப் பயன்படுவது ஒன்றே: பொறியாளர் அந்த நீரைத் திட்டுவதில்லை, அதன் மட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

பெண்களைப் பற்றிய தனிச்சொல் ஒன்று தேவை. விருப்பம் முதலில் தோன்றி நெருக்கம் பின்தொடரும் என்பதே பொதுவான எண்ணம். பல பெண்களுக்கு, சிறப்பாக நெடுநாள் இல்லறத்தில், அன்பான பேச்சும் தொடுகையும் முன்சென்று விருப்பம் பின்னர் விழிக்கிறது என்று கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் எடுத்துக்காட்டினார். ஆண்களிலும் இத்தகையோர் உளர். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் புரோலாக்டின் உயர்ந்து ஈஸ்ட்ரோஜன் தாழ்வதால் விருப்பம் குன்றுவது இயல்பு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வறட்சியும் வலியும் ஏற்படலாம். இவை மருத்துவத்தால் பெரிதும் தீரக்கூடியவை. அதை அறியாமல் இருவரும் ஆளுக்கொரு மூலையில் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள்.

இவ்விடத்தில் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தைத் தவறாகக் கையாளும் போதகர் உளர். மனைவியின் உடல்மேல் கணவனுக்கு அதிகாரம் என்ற பாதியை அழுத்திப் படித்து, அவளுடைய மறுப்பைக் கீழ்ப்படியாமை என்று கண்டிக்கிறார்கள். அடுத்த பாதியில் பவுல் அதே அதிகாரத்தைக் கணவனுடைய உடல்மேல் மனைவிக்கு அளிக்கிறார். அக்கால உரோமப் பேரரசில் வாசித்தோரைத் திடுக்கிடச் செய்திருக்கக்கூடியது இப்பாதியே. இருவர் சம்மதமும் இன்றி ஒன்றும் நடவாது என்பதே பகுதியின் போக்கு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பாலியல் கொடுமையைக் குடும்ப வன்முறையாகவே எண்ணுகிறது. பலவந்தத்தைச் சகித்துக்கொள் என்று ஆலோசனை கூறும் போதகர், சட்டத்துக்கும் பவுலுக்கும் ஒருங்கே மாறாக நிற்கிறார்.

நரம்புத் தளர்ச்சிக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையச் சுவர்களில், இளமையில் செய்த தவறுகளுக்கு லாட்ஜில் தங்கி வைத்தியம் செய்வதாக விளம்பரங்களைக் காணாதவர் இலர். விந்து வெளியேறினால் உடலின் சாரமே போய்விடும் என்ற அச்சத்தால் உண்டாகும் களைப்பையும் சோர்வையும் 1960இல் மனநல மருத்துவர் என். என். விக் ஆராய்ந்து, 'தாது' என்ற நம் சொல்லாலேயே அந்நிலைக்குப் பெயரிட்டார். இவ்வச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் துண்டுநூல்களும், திசோ என்னும் சுவிஸ் மருத்துவரின் நூலும் ஐரோப்பா முழுவதும் இதைப் பரப்பின. ஓனானின் பெயரை அதற்குச் சூட்டியவர்களும் அவர்களே. ஆதியாகமம் 38இல் ஓனான் செய்த குற்றமோ, இறந்த சகோதரனுக்குச் சந்ததி எழுப்பும் கடமையை ஏமாற்றியது. உடல் விந்தை ஓயாமல் உண்டாக்குகிறது. அது வெளியேறுவதால் நரம்பு தளர்வதில்லை. சுயஇன்பத்தைக் குறித்து ஒழுக்கவியலில் நாம் எந்நிலைப்பாடு கொண்டாலும், இல்லாத நோயைக் காட்டி இளைஞனை அச்சுறுத்துவது பொய்ச்சாட்சியாகும். அவ்வச்சத்தினால் திருமணத்தையே தள்ளிப்போட்டு, மாதச் சம்பளத்தை லேகியத்துக்குக் கொடுத்துவந்த இளைஞரை நாம் சந்தித்திருக்கிறோம்.

அப்படியானால் ஒருவர் தம்மை எவ்வாறு மதிப்பிடுவது? எண்ணிக்கையைக் கொண்டன்று. 1948இலும் 1953இலும் வெளியான கின்சியின் அறிக்கைகள் முதலாகத் தெளிவானது, மனிதருக்கு மனிதர் வேறுபாடு மிகப் பெரிது என்பதே. ஒருவருக்குரிய அளவுகோல் அவருடைய சொந்தப் பழைய நிலையே. நான்கைந்து வாரம் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம்: எத்தனை மணி நேரம் உறக்கம், எந்த ஷிப்டு, குடித்ததுண்டா, புதிய மாத்திரை எது, வீட்டில் சச்சரவா, அன்று உந்தல் எவ்வாறு இருந்தது. பெரும்பாலோர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். தனிமையிலும் அவமானத்திலும் உந்தல் பெருகுவதைச் சிலர் முதன்முறையாக அப்போதுதான் காண்பார்கள். அவர்கள் தேடியது பாலின்பத்தை விட ஆறுதலை. பின்னர் விளைவுகளை நோக்கவேண்டும். உறக்கம், வேலை, பணம், மனைவியோடு பேசும் பேச்சு ஆகியவற்றில் எதை இது தின்கிறது? நிறுத்த முயன்றும் இயலாமல், கடமைகளைக் கைவிட்டு, தீங்கு கண்டும் தொடரும் நிலை ஆறு மாதத்துக்கும் மேல் நீடித்தால் அது சிகிச்சைக்குரியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் இதற்கு இடமளிக்கிறது. ஆனால் ஒழுக்கக் கண்டனத்தால் மட்டும் உண்டான மனவேதனை அந்நோய்க்குப் போதிய அடையாளம் ஆகாது என்றும் அதே பட்டியல் எச்சரிக்கிறது. தன்னைக் காமவெறியன் என்று அழைத்துக்கொண்டு வரும் மாணவன் பெரும்பாலும் இவ்வெச்சரிக்கைக்கு உள்ளேயே இருப்பான்.

மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்பவேண்டிய வேளைகளும் உண்டு. விருப்பம் இருந்தும் ஆற்றல் இல்லாதிருப்பது வேறு, விருப்பமே அற்றுப்போவது வேறு. முன்னது சர்க்கரை நோயினால் வரலாம். இதய இரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றவும் கூடும். அத்தகையவருக்கு உபவாசம் மட்டும் கட்டளையிடும் போதகர் ஒரு மாரடைப்புக்கு வழிவிடுகிறவர் ஆவார். கடையில் தாமாக மாத்திரை வாங்குவதும் ஆபத்து: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வோர் சில்டெனாஃபில் சேர்த்துக்கொண்டால் இரத்த அழுத்தம் உயிருக்கு அபாயமாகத் தாழும். விருப்பம் அற்றுப்போதல் மனச்சோர்வு நோயின் அடையாளமாகலாம். அந்நோய்க்குத் தரும் மாத்திரைகள் சிலவும் விருப்பத்தைக் குறைக்கும். இதனால் மருந்தை இரகசியமாக நிறுத்திவிட்டு மீண்டும் நோயில் விழுந்தோர் உளர். மருந்தை மாற்றித்தர மருத்துவரால் இயலும். வாய்திறந்து கேட்கவேண்டும், அவ்வளவே.

இவ்வளவும் சபையாருக்கு மட்டும் உரியதன்று. லூத்தர் 1525இல் கத்தரீனாளை மணந்தது முதல், இல்லறத்தில் வாழும் போதகர் என்பது நம் மரபு. ஆயினும் போதகரின் உந்தலைப் பற்றி நம் கல்லூரிகள் கேட்பதும் இல்லை, மாணவர் சொல்வதும் இல்லை. வாரமெல்லாம் பிறர் துயரைக் கேட்டு, ஞாயிறன்று புகழப்பட்டு, திங்களன்று வெறுமையாய் இருக்கும் மனிதனிடம் உந்தல் எவ்வேளையில் பெருகுகிறது என்பதை அவனே குறித்துப் பார்க்கட்டும். ஆலோசனைக்கு வரும் ஒரு சகோதரியின் செய்திக்கு இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் பதில் எழுதத் தோன்றுகிறதா, அவள் வரும் நாளில் மட்டும் சலவைச் சட்டை தேடுகிறோமா என்பன போன்ற சிறு செய்திகள் பெரிய அறிக்கைகளைவிட நேர்மையானவை. அவ்வாறு கண்டபின் அவளுக்குரிய ஆலோசனையைப் போதகரம்மாளிடமோ சபையின் மூத்த சகோதரி ஒருத்தியிடமோ ஒப்படைப்பதும், தம் நிலையை மூத்த போதகர் ஒருவரிடம் சொல்லிவைப்பதும் தகும். அம்மூத்தவர் வேறு திருமண்டலத்தைச் சேர்ந்தவராயிருந்தால் இன்னும் நல்லது. மாற்றல் பட்டியல் தயாரிப்பவரிடம் எவரும் மனந்திறப்பதில்லை.